ஏழாம் மேசையில் தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் மாமா, உன் மருமகள், அம்மா எல்லோரும் நலம். நீங்கள் நால்வரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக மாமாவிடம் சொன்னாயாம். சின்னவளுக்கு வயிறு சரியாகிவிட்டதா? பிள்ளையை வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் அனுப்பாதீர்கள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "அக்கா, ஒரு நிமிஷம், இன்னொரு கால் வருது" என்பாய். காகிதத்தில் இன்னொரு கால் வராது. மதியம் மூன்று மணிக்கு ஓட்டல் கதவைச் சாத்தினால் ஐந்துக்குத்தான் திறப்பார்கள். மற்றவர்கள் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்துவிட்டார்கள். நான் மாடியில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம் ஆறட்டும் என்று பார்த்தேன். ஆறவில்லை.

உன்னைத் திங்கட்கிழமை வரச் சொன்னேன். அன்றைக்குக் கூட்டம் இருக்காது, எனக்கும் மதியம் விடுப்பு, கூட உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன். நீ ஞாயிற்றுக்கிழமை மதியம், வாசலில் இருபது பேர் இடத்துக்காக நின்றுகொண்டிருக்கும் நேரத்தில், அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்து நின்றாய். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிற ஓட்டலுக்குள் அன்றுதான் அவள் முதல்முறை வருகிறாள், அதுவும் மகன் கையைப் பிடித்துக்கொண்டு. சொந்தக்காரர்கள் வந்தால் நாங்கள் பரிமாறக் கூடாது என்பது முதலாளி சட்டம். கரண்டி கொஞ்சம் தாராளமாக இறங்கிவிடும் என்று பயம். அதனால் உங்களைக் கீழே ஏழாம் மேசையில் உட்கார வைத்தார்கள். அது எக்ஸ்பிரஸ் அண்ணன் பார்க்கிற வரிசை.

அவர் யார் என்று உனக்குத் தெரியாது. உனக்கு அவர் ஒரு சர்வர். ஐம்பத்தெட்டு வயசு. வேகமாக நடப்பதால் அந்தப் பெயர். கையில் பேனாவும் கிடையாது, சீட்டும் கிடையாது. ஐந்து மேசையில் இருபத்திரண்டு பேர் சொன்னதை மண்டையிலேயே வைத்துக்கொண்டு போய், யாருக்கு உப்பு கம்மி, யாருக்குக் காரம் ஆகாது என்பது வரைக்கும் பிசகாமல் கொண்டுவந்து வைப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சூடான சூப்பை ஒருவர் மடியில் கொட்டிவிட்டேன். "நான்தாங்க இடிச்சுட்டேன்" என்று முன்னால் வந்து நின்று திட்டு வாங்கிக்கொண்டவர் அவர்.

அன்றைக்கு உன் மனைவி சூப்பை இரண்டு முறை மாற்றச் சொன்னாள். அது பரவாயில்லை, காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். பிறகு சின்னவள் வாந்தி எடுத்தாள். மேசை மேல், தரை மேல், உன் செருப்பு மேல். கூட்டுகிறவர் பின்பக்கம் குப்பை கொட்டப் போயிருந்தார். பக்கத்து மேசைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார்கள். நீ என்ன செய்தாய்? பிள்ளையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு "யாராவது வாங்க" என்று கூப்பிட்டாய். நான் மாடிப்படியில் ஆறு தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்பிரஸ் அண்ணன் வேட்டிக்கு மேல் இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியை அவிழ்த்துத் தரையில் போட்டு, கையாலேயே வழித்து எடுத்தார். பிறகு கையை அலம்பிக்கொண்டு வந்து குழந்தையைத் தூக்கிப்போய் வாய் கொப்பளிக்க வைத்து, எலுமிச்சைத் துண்டு ஒன்றை மூக்கருகே பிடித்துக்கொண்டு "ஒண்ணுமில்லடா கண்ணு, போயிடுச்சு பாரு" என்றார். அதற்குள் அவருடைய மற்ற நாலு மேசையும் கத்திக்கொண்டிருந்தது.

கடைசியில் பில் வந்தது. நீ சில்லறை வரைக்கும் சரியாக எண்ணி வைத்தாய். வைத்துவிட்டு எழுந்து போயிருந்தால்கூட நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். மறந்துவிட்டான், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத பதற்றம் என்று நானே சமாதானம் சொல்லியிருப்பேன். நீ நின்று, அவர் தோளில் கையை வைத்து, மூன்று மேசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாய்: "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நான் எங்கயுமே டிப்ஸ் வைக்கிறதில்ல. உங்க உழைப்புக்குச் சம்பளம் குடுக்க வேண்டியது உங்க முதலாளி. நாங்க குடுத்துக் குடுத்துதான் அவர் குடுக்காம இருக்காரு. நீங்க எல்லாம் சேர்ந்து போய்க் கேளுங்க."

அவர் "சரிங்க தம்பி" என்றார். சிரித்தார். மேசையைத் துடைத்தார். சமையலறைக்குள் வந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

ஆனால் மற்றவர்கள் விடுவார்களா? இப்போது எங்கள் ஓட்டலில் ஒரு புதுப் பேச்சு வந்திருக்கிறது. எந்த மேசையிலாவது ஒன்றும் வைக்காமல் எழுந்து போனால், "மூணாம் மேசைல தம்பிப்பா" என்கிறார்கள். "இன்னிக்கு எனக்கு வரிசையா நாலு தம்பி" என்கிறார் ஒருவர். கல்லாவில் இருப்பவர் என்னைப் பார்த்து, "தம்பி சௌக்கியமா?" என்று கேட்டால் நான் எந்தத் தம்பி என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. நானும் சிரிக்கிறேன். சிரிக்காவிட்டால் இன்னும் ஓட்டுவார்கள்.

எனக்கு இதில் எரிச்சல் எது தெரியுமா? நீ சொன்னது பொய் இல்லை. எங்களைவிடப் பாத்திரம் கழுவுகிறவர்களுக்குச் சம்பளம் அதிகம். கேட்டால், "உங்களுக்குத்தான் மேசையில கிடைக்குதே" என்பார் முதலாளி. மேசையில் கிடைப்பது எப்படிக் கிடைக்கிறது என்று அவருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. ஒருவர் நோட்டைச் சுருட்டி உள்ளங்கையில் வைத்து, என் விரலை ஒரு நொடி கூடுதலாகப் பிடித்துக்கொண்டுதான் விடுவார். இன்னொருவர் "கொஞ்சம் சிரிச்சுக்கிட்டுதான் குடுங்களேன்" என்பார். வாரம் ஒருமுறை வருகிற ஒரு பெரியவர் இருக்கிறார். பாக்கெட்டைத் தொடுவதற்கு முன்னால் "வீட்ல எத்தனை புள்ளைங்க?" என்று கேட்பார். எண்ணிக்கையைப் பொறுத்துத்தான் நோட்டு. அவரைப் பொறுத்தவரை எனக்கு மூன்று பிள்ளைகள். உன் மருமகளிடம் சொன்னேன், "மத்த ரெண்டு பேரும் எங்கம்மா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

அதனால் நீ சொன்னது சரி. சொன்ன இடம் தப்பு, சொன்ன ஆளிடம் சொன்னது அதைவிடத் தப்பு. சரியான பேச்சைப் பேசிவிட்டு நீ விமானம் ஏறிவிட்டாய். அந்தப் பேச்சோடு இங்கே இருப்பவள் நான். போய்க் கேளுங்கள் என்றாய் அல்லவா? கேட்கத்தான் போகிறேன். கேட்டால் என்ன நடக்கும் என்று நீயும் தெரிந்துகொள்.

அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்திருக்கிறது. சாப்பாடு நன்றாக இருந்ததாக அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிவிட்டாள். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

அன்புடன்,
அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நீயும் கையால் எழுதியிருந்தாய், அதற்கே பாதி கோபம் போய்விட்டது. மீதி பாதியை இரண்டாம் பக்கத்தில் நீயே திரும்பக் கொண்டுவந்துவிட்டாய். "இது தனி மனுஷங்க பிரச்சனை இல்லக்கா, அமைப்போட பிரச்சனை" என்று எழுதியிருக்கிறாய். அமைப்பு வந்து வாந்தியைத் துடைக்கவில்லை, தம்பி.

சரி, அதை விடு. கடிதத்தோடு எக்ஸ்பிரஸ் அண்ணனுக்கு என்று நீ அனுப்பிய பணத்தைக் கொடுக்கப் போனேன். தண்ணீர் ஜாடிகளை நிரப்பிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு உறையை வாங்கினார், பிரித்துப் பார்த்தார், மறுபடி மூடி என் கையிலேயே வைத்தார். "அன்னிக்கு மேசையில இருந்திருந்தா சந்தோஷமா எடுத்திருப்பேம்மா. இப்ப எடுத்தா நீ போய்க் கேட்டு வாங்கிக் குடுத்த மாதிரி ஆயிடும்" என்றார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "உன் தம்பி நல்லவர்தான், விடு" என்று சொல்லிவிட்டு ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பணத்தை அம்மாவின் மாத்திரைக்கு எடுத்துக்கொண்டேன். சொல்லிவிட்டுத்தான் செய்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். முதலாளியிடம் கேட்டுவிட்டேன்.

சர்வர்கள் நாங்கள் ஆறு பேர். முதலில் அவர்களிடம் பேசினேன். புதிதாகச் சேர்ந்த மூன்று பேரும் உடனே சரி என்றார்கள். அவர்களுக்கு ஓரத்து மேசைகள்தான், ஒன்றும் பெரிதாகத் தேறுவதில்லை. மாடியில் என்னோடு வேலை பார்க்கிறவள், விரல் பிடிக்கிறவர் இப்போதெல்லாம் வாரக் கடைசியில் அவள் மேசைக்குத்தான் வருகிறார், "அக்கா, நீங்க கேளுங்க, நான் பின்னாடி நிக்கிறேன்" என்றாள். எக்ஸ்பிரஸ் அண்ணன் மட்டும் தலையை ஆட்டினார். "எனக்கு இந்தச் சம்பளப் பேச்சே வேணாம்மா. நான் நல்லாச் செஞ்சா மேசையில தெரியுது. செய்யலன்னா அதுவும் மேசையில தெரியுது. எனக்கு அது போதும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. வருஷம் முழுக்க ஒவ்வொரு மேசையாகப் பார்த்துப் பார்த்து வாழ்வது ஒரு வாழ்வா என்று கேட்டேன். "உனக்கு அது பிச்சை மாதிரி தெரியுது. எனக்கு அப்படித் தெரியல. அதுக்கு நான் என்ன பண்றது?" என்றார்.

அதற்கு அடுத்த நாள் மதியம் முதலாளி முதல் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான்தான் பரிமாறினேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வரும்வரைக்கும் நின்றேன். "முதலாளி, பாத்திரம் கழுவறவங்களுக்கு எங்களைவிட அதிகம் குடுக்கறீங்க, ஏன்னா அவங்களுக்கு மேசை இல்ல. எங்களுக்கு மேசை இருக்குன்னு சொல்லி எங்க சம்பளத்தை வாடிக்கையாளர் தலையில கட்டியிருக்கீங்க. அவங்க மனசு வந்தா குடுக்கறாங்க, வரலன்னா இல்ல. எங்க வீட்டு வாடகை யார் மனசையும் பார்த்து வர்றதில்ல, மாசாமாசம் வந்துடுது" என்றேன். முந்தின நாள் குளிக்கும்போது சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன், அதனால் தடுமாறவில்லை.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஈர்க்குச்சியால் பல்லைக் குத்திக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். அவருடைய சிநேகிதர் ஒருவர் வேறு ஊரில் ஓட்டல் வைத்திருக்கிறாராம், அங்கே டிப்ஸே கிடையாதாம், சாப்பாட்டு விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சம்பளமாகவே கொடுத்துவிடுகிறாராம். "நானும் செஞ்சு பாக்கறேன். சம்பளத்தை ஒண்ணரை மடங்கு ஆக்கறேன். எல்லாருக்கும் ஒரே சம்பளம். ஆனா அதுக்கப்புறம் ஒருத்தர்கூட மேசையிலிருந்து ஒரு காசு எடுக்கக் கூடாது. எடுத்தா அன்னைக்குச் சம்பளம் கட். ஆறு பேருக்கும் சம்மதமா?" என்றார்.

ஆறு பேருக்கும்.

எக்ஸ்பிரஸ் அண்ணன் அப்போது வாசலில் நின்று யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "சம்மதம் முதலாளி" என்றேன்.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து நடைமுறை. மாடியில் இருப்பவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் எக்ஸ்பிரஸ் அண்ணனிடம் சொன்னபோது, அவர் "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். முன்னாலேயே கேட்டேனே, நீங்கள்தான் வேண்டாம் என்றீர்களே என்றேன். "அதைத்தாம்மா சொல்றேன். வேணாம்னு சொன்னேன்ல" என்றார்.

வீட்டில் உன் மாமாவிடம் சொன்னேன். "நல்லதுதானே செஞ்சிருக்கே, முகத்தை ஏன் இப்படி வச்சிருக்கே?" என்கிறார். எனக்குத் தெரியவில்லை. ஜெயித்த மாதிரியும் இருக்கிறது, எதையோ உடைத்துவிட்ட மாதிரியும் இருக்கிறது.

உன் மருமகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது. சித்தப்பா பெண்ணின் கல்யாணப் பத்திரிகை உனக்கும் வந்திருக்கும். வர முடியாவிட்டால் ஒரு வார்த்தை போனில் சொல்லிவிடு.

அன்புடன்,
அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் உன்னைத் திட்டத்தான் வருகிறது, திட்டினால் நியாயமாகவும் இருக்காது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும்.

வாசலில் போர்டு வைத்தார்கள். "இங்கே டிப்ஸ் வேண்டாம். எங்கள் ஊழியர்களுக்குச் சம்பளம் தருவது எங்கள் பொறுப்பு." எழுத்து அழகாக இருந்தது. முதல் வாரம் வந்தவர்கள் எல்லாம் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். உன்னை மாதிரியே ஒருவர் என் கையைக் குலுக்கி, "இப்படித்தாங்க எல்லா இடத்துலயும் வரணும்" என்றார். இரண்டாவது வாரம் அவரே வந்து, விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார். கொள்கை எல்லோருக்கும் பிடிக்கிறது, தம்பி. பத்தில் ஒரு பங்கு விலை ஏறியதுதான் யாருக்கும் பிடிக்கவில்லை.

பிள்ளைகளை எண்ணுகிற பெரியவருக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டும். "நான் குடுக்கறதை வேணாம்னு சொல்ல இவர் யாரு? அப்ப நான் எதுக்கு இங்க வரணும்?" என்று கல்லாவில் சண்டை. அவருக்குச் சாப்பாடு முக்கியமில்லை போல. கொடுக்கிறவராக இருக்கிற அந்த அரை நிமிஷம்தான் முக்கியம். அவர் பிறகு வரவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. என் மற்ற இரண்டு பிள்ளைகளும் அதோடு போனார்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். முதல் மாதச் சம்பளத்தை முழுசாகக் கையில் வாங்கினேன். இந்த மாதம் இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்து, உன் மருமகளின் பரீட்சைக் கட்டணத்தைக் கடைசி நாளுக்கு முன்னாலேயே கட்டினேன். விரல் பிடிக்கிறவர் நோட்டை நீட்டியபோது, மாடியில் இருப்பவள் போர்டைக் காட்டிவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அதை நான் கண்ணால் பார்த்தேன். ஒருவர் விரலைச் சொடுக்கி என்னைக் கூப்பிட்டபோது, நான் என் நடையில் நடந்து போனேன். சிரிக்கவும் இல்லை. அதற்காக ஒன்றும் குறையவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல்முறை.

ஆனால் புதிதாகச் சேர்ந்த மூன்று பேரும் இப்போது போனைப் பார்த்துக்கொண்டு தூணில் சாய்ந்துவிடுகிறார்கள். மேசையில் கத்துகிறார்கள் என்று சொன்னால், "ஓடினாலும் அதே சம்பளம், நின்னாலும் அதே சம்பளம், விடுங்கக்கா" என்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்து நான் ஓடுகிறேன். நான் கேட்டு வாங்கிய சம்பளம் என்பதால் என்னால் திட்டவும் முடியவில்லை.

எக்ஸ்பிரஸ் அண்ணன் இரண்டு மடங்காக ஓடினார். புதுச் சம்பளம் எங்கள் எல்லோருக்கும் ஏற்றம், அவருக்கு மட்டும் இறக்கம். மேசையில் அவர் எடுத்துக்கொண்டிருந்தது அந்த அளவு. எனக்கு அந்தக் கணக்கு அப்போது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். கேட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதுதான் உறுத்துகிறது. அவர் முணுமுணுக்கவில்லை. வழக்கமாக வருகிறவர்கள் நோட்டை நீட்டினால், "வேணாங்க, போர்டைப் பாருங்க" என்று நாளுக்கு இருபது தடவை சொல்வார். இருபது தடவையும் அவர் முகம் சின்னதாகும்.

ஒரு சனிக்கிழமை, கண் தெரியாத தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு மாதம் ஒருமுறை வருகிற பெண் வந்திருந்தாள். அந்தப் பெரியவருக்குத் தட்டில் எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி வைப்பார் எக்ஸ்பிரஸ் அண்ணன். அன்றைக்குப் பெரியவரே தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து, அண்ணன் கையைத் தடவிக் கண்டுபிடித்து, நோட்டை வைத்து மூடினார். போர்டு அவருக்குத் தெரியாது. அண்ணன் வாங்கிக்கொண்டார். கல்லாக்காரர் பார்த்துவிட்டார். முதலாளி சொன்ன சொல் மாறாதவர், அன்றைய சம்பளத்தைப் பிடித்தார்.

அண்ணன் சண்டை போடவில்லை. இடுப்புத் துணியை அவிழ்த்தார், நான்காக மடித்தார், கல்லா மேல் வைத்தார். நான் ஓடிப்போய் வழி மறித்தேன். நானே முதலாளியிடம் பேசுகிறேன் என்றேன். "பேசுவே. நல்லாப் பேசுவே. உனக்காகப் பேசினா சரிம்மா. எனக்கும் சேர்த்துப் பேசிட்டே பாரு, அதுதான்" என்றார். அப்படியே போய்விட்டார். முப்பது வருஷம் வேலை பார்த்த இடத்திலிருந்து வெளியே போக அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வேகமான ஆள்தானே.

இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஓட்டலில் சேர்ந்துவிட்டார். அவருடைய மேசைக்காரர்கள் எல்லாம் அங்கே போய்விட்டார்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில்கூடப் பாதி ஓட்டல் காலி.

போன திங்கட்கிழமை மதியம் நான் அங்கே போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேனா, நியாயம் கேட்கப் போனேனா என்று எனக்கே தெளிவில்லை. நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். வாடிக்கையாளராக ஓர் ஓட்டலில் தனியாக உட்கார்ந்தது என் வாழ்க்கையிலேயே அன்றுதான். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தண்ணீர் வைத்துவிட்டு எக்ஸ்பிரஸ் அண்ணன் பக்கத்தில் நின்றார். என்ன வேண்டும் என்று கேட்டார். காபி என்றேன். எனக்குச் சர்க்கரை பாதி என்பது அவருக்குத் தெரியும், பாதியாகத்தான் கொண்டுவந்தார். மனசுக்குள் ஒரு நம்பிக்கை வந்தது. "அண்ணே, என் மேல தப்புதான். உங்களைக் கேட்காம சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். அவர் பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டே, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார்.

ஒண்ணுமில்லீங்க.

பில் வந்தது. அந்த ஓட்டலில் போர்டு எதுவும் இல்லை. பையில் கையை விட்டபடி நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. வைத்தால் நான் ஒரு வாடிக்கையாளர். வைக்காவிட்டால் நானும் ஒரு தம்பி. இந்த இரண்டும் இல்லாமல் அந்த மேசையை விட்டு எழுந்திருக்க எனக்கு வழி தெரியவில்லை. கடைசியில் ஒரு நோட்டை டம்ளருக்கு அடியில் வைத்தேன். அவர் ஓடிவந்து என்னிடம் திருப்பிக் கொடுத்துத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் எடுத்தார். சட்டைப் பையில் வைத்தார். மேசைக்குக் காட்டுகிற அந்தச் சிரிப்பைச் சிரித்து, "ரொம்ப நன்றிங்க. மறுபடியும் வாங்க" என்றார்.

பத்தொன்பது வருஷமாக நான் அவருக்கு "ஏம்மா". அன்றைக்கு "வாங்க" ஆகிவிட்டேன். தெருவில் இறங்கி, பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, நடந்துகொண்டே இருந்தேன்.

நேற்று முதலாளி எங்களை எல்லாம் கூப்பிட்டார். கூட்டம் திரும்பாவிட்டால் இந்த மாதக் கடைசியில் போர்டை எடுத்துவிடப் போகிறாராம். பழைய சம்பளமும் மேசையும் வேண்டுமா, இப்படியே இருக்கட்டுமா, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். புதியவர்களில் இருவர், அண்ணனுடைய மேசைகள் இனித் தங்களுக்கு வரும் என்ற கணக்கில், பழையபடி என்கிறார்கள்; மூன்றாமவர் இன்னும் முடிவு செய்யவில்லை. மாடியில் இருப்பவளும் நானும் மட்டும் இப்படியே இருக்கட்டும் என்கிறோம். எக்ஸ்பிரஸ் அண்ணனை நினைத்தால் எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மாடியில் இருப்பவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதை நினைத்தால் என்னால் வேறு மாதிரி சொல்லவும் முடியாது. இந்தத் தடவை எனக்காக மட்டும்தான் சொல்வேன். மற்றவர்கள் அவரவர் வாயால் சொல்லட்டும்.

நீ இதற்கு ஒரு பதில் வைத்திருப்பாய். எழுதாதே. எனக்கு இப்போது பதில் வேண்டாம். வேறு ஒன்று கேட்கிறேன், அதை மட்டும் செய்.

அம்மா இப்போதெல்லாம் காலையில் குளித்து முடித்ததும் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். சார்ஜ் இருக்கிறதா என்று உன் மருமகளிடம் நாலு தடவை கேட்கிறாள். பாத்ரூம் போகும்போதும் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் போகிறாள். நீ கூப்பிட்டால் மூன்று நாள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். கூப்பிடாத வாரம், "அவனுக்கு வேலை இருக்கும், மனசு வந்தா பண்ணுவான்" என்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

ஒரு கிழமை சொல், தம்பி. ஒரு மணி சொல். ஐந்து நிமிஷம் போதும். வாராவாரம் அந்த நாள் அந்த மணிக்குக் கூப்பிடு. உனக்குப் பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் கூப்பிடு, மழை பெய்கிறதா என்று கேள், போதும். மற்ற ஆறு நாளும் அவள் போனைக் கீழே வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும். எந்தக் கிழமை என்று மட்டும் எழுது.

உன் அக்கா